சலுகையா, உரிமையா? வகுப்பறைக்குள் வந்த ஒரு கட்டுரை

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு சிறு கட்டுரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் படிக்கப்பட்டு வந்திருக்கிறது. அதனைப் போற்றுவோரும் பலர், தூற்றுவோரும் பலர். ஆனால் அதனை ஓர் எழுத்தாக எடுத்துக்கொண்டு, அது சொல்வது யாது, சொல்லாமல் விட்டது யாது, இளம் மாணவர்க்குப் பாடமாக வைக்கும்போது அது என்ன உருவம் கொள்கிறது என்று பொறுமையாக ஆராய்வோர் சிலரே. அக்கட்டுரையின் பெயரால் சட்டமன்றங்களில் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆசிரியர்கள் அஞ்சி நாவடக்கும் நிலை ஏற்பட்டது. ஆகவே அதனைத் திறனாய்வு செய்வது வெறும் இலக்கியப் பொழுதுபோக்கு ஆகாது.

கட்டுரையின் தோற்றம்

இதனை எழுதியவர் பெக்கி மெக்கின்டோஷ் என்னும் வெள்ளையின அம்மையார். மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வெல்லெஸ்லி கல்லூரியின் மகளிர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். 1988-ஆம் ஆண்டில் அவர் ஒரு நீண்ட ஆய்வுரை எழுதினார். அதன் சுருக்கம் அடுத்த ஆண்டில் ஓர் அமைதி இயக்க இதழில் வெளிவந்தது. பள்ளிகளுக்குள் பரவியது அச்சுருக்கமே.

கட்டுரை பிறந்த வகையை ஆசிரியரே கூறுகிறார். தம்முடன் பணியாற்றிய ஆடவர்கள், பெண்கள் தாழ்த்தப்பட்டுள்ளனர் என்பதை ஒப்புக்கொண்டனர். ஆயினும் தாங்கள் அதனால் உயர்த்தப்பட்டுள்ளோம் என்பதை மட்டும் ஒப்பவில்லை. தராசின் ஒரு தட்டு தாழ்ந்தது என்றால் மறு தட்டு உயர்ந்திருக்க வேண்டுமன்றோ? இவ்வாறு பிறரைக் குறை கண்ட அம்மையார், அங்கேயே நின்றுவிடவில்லை. இதே குருட்டுத்தன்மை இன வேற்றுமையைப் பொறுத்தவரை தம்மிடமும் உண்டோ என்று தம்மையே கேட்டுக்கொண்டார். உண்டு என்று கண்டார். வெள்ளையராகப் பிறந்த ஒரே காரணத்தால் தமக்கு நாள்தோறும் கிடைக்கும் வசதிகளை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினார். முதல் ஆய்வுரையில் அவ்வாறு எழுதியவை 46.

அவற்றுட் சில மிகச் சிறியவை. கடைக்குள் போனால் காவற்காரர் தம்மைப் பின்தொடர்வதில்லை. காயத்துக்கு ஒட்டும் கட்டுத்துணி தம் தோல் நிறத்திலேயே கிடைக்கிறது. செய்தித்தாளைத் திறந்தால் தம் இனத்தவரின் முகங்களே பெரும்பாலும் தென்படுகின்றன. தம் இனத்தார் அனைவருக்கும் சார்பாகப் பேசும்படி தம்மை யாரும் கேட்பதில்லை. இவையெல்லாம் சேர்ந்து, கண்ணுக்குப் புலனாகாததும் கனமில்லாததுமான ஒரு முதுகுப்பைபோல் தம்முடன் வருகின்றன என்று அவர் உவமை கூறினார்.

சிறப்பும் குறையும்

முதலில் சிறப்பைச் சொல்வோம். ஆசிரியர் குற்றம் சாட்டுவது தம்மையே. ‘நீ’ என்று தொடங்கும் அறவுரைகள் மலிந்த துறையில் ‘நான்’ என்று தொடங்கும் உரை இது. அடுத்து, பெரிய சொற்களைக் கையாளாமல் கட்டுத்துணியையும் கடைவாயிலையும் காட்டிப் பேசுகிறார். கண்ணெதிரே இருந்தும் காணப்படாத பொருளைக் காணச் செய்வது நல்ல கட்டுரையின் இலக்கணம். அவ்வகையில் இது நல்ல கட்டுரையே.

குறைகள் மூன்று. பட்டியல் என்னும் வடிவத்தால் நேர்ந்த குறை முதலாவது. பட்டியலில் எல்லாம் ஒரே அளவாகத் தோன்றும். விரும்பிய இடத்தில் வீடு வாங்க முடிவதும், கட்டுத்துணி நிறத்துக்கு ஒத்திருப்பதும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்போது, தலைமுறையின் செல்வத்தைத் தீர்மானிப்பது எது, ஒரு நாளின் எரிச்சல் எது என்று படிப்பவர்க்கு விளங்குவதில்லை.

இரண்டாவது, வரலாறு இல்லாமை. முதுகுப்பை இருக்கிறது என்கிறார். அதனைத் தைத்தவர் யார், எந்த ஆண்டில், எந்தச் சட்டத்தால் நிரப்பினர் என்பதைச் சொல்லவில்லை. இந்த வினாவுக்கு விடை தேடியவர் அவருக்கு முன்பே இருந்தார். டூ பாய்ஸ் என்னும் கறுப்பினப் பேரறிஞர் 1935-இல் வெளியிட்ட ‘அமெரிக்காவில் கறுப்பினப் புனரமைப்பு’ என்னும் பெருநூலில், தென்மாநிலங்களின் வெள்ளைத் தொழிலாளர்கள் குறைந்த கூலி பெற்றபோதிலும், வெள்ளையர் என்பதால் பொதுமதிப்பு என்னும் ஒருவகை மனக்கூலியையும் சேர்த்துப் பெற்றனர் என்று காட்டினார். அதனால் அவர்கள் கறுப்பினத் தொழிலாளரோடு ஒன்றுபடாமற் போயினர் என்பது அவர் முடிபு. இங்கே சலுகை என்பது ஒருவன் வெறுமே பெற்ற பேறு அன்று. அவனைக் கட்டிவைத்த கயிறும் ஆகும். மெக்கின்டோஷ் அம்மையாரின் கட்டுரையில் இந்த ஆழம் இல்லை.

மூன்றாவது, வர்க்க வேற்றுமை. எழுதியவர் கல்லூரி சார்ந்தவர். பட்டியலிலுள்ள பல வசதிகள் வெள்ளைத் தோலோடு கையில் காசும் உள்ளவர்க்கே கிடைப்பவை. அப்பலாச்சிய மலைப்பகுதியில் சுரங்கம் மூடப்பட்டு வேலையிழந்த ஒருவரின் மகன் இதனைப் படித்தால், பாதியை உண்மை என்றும் பாதியைத் தனக்குச் சற்றும் பொருந்தாதது என்றும் காண்பான். இனம், வர்க்கம், சமயம், பிறந்த இடம் ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்று ஆசிரியர் ஒப்புக்கொள்கிறார் என்பது உண்மை. ஆயினும் பட்டியலில் அப்பின்னலைப் பிரித்துக் காட்டவில்லை.

சொல்லைப் பற்றி

ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீன். தனி ஒருவனுக்கென வகுத்த சட்டம் என்பது அதன் பொருள். தமிழில் நாம் சலுகை என்றும் சிறப்புரிமை என்றும் கூறுவோம். சலுகை என்றால் கொடுப்பவன் ஒருவன் இருக்கிறான்; விரும்பினால் கொடுப்பான், வேண்டாவிட்டால் எடுப்பான். உரிமை அத்தகையது அன்று.

இனிப் பட்டியலை மீண்டும் பார்ப்போம். கடையில் திருடனைப்போல் கண்காணிக்கப்படாமல் பொருள் வாங்குவது சலுகையா? வாடகை கொடுக்க வல்லவன் வீடு பெறுவது சலுகையா? இவை மனிதர் எவர்க்கும் உரியவை. இவற்றைப் பெறுகிறவனிடம் ‘உனக்குச் சலுகை இருக்கிறது’ என்று சொன்னால், அவன் முதலில் நினைப்பது, ‘இதனை என்னிடமிருந்து பறிக்கப் போகிறார்கள்’ என்பதே. ‘உனக்குள்ள உரிமை உன் அண்டை வீட்டானுக்கு மறுக்கப்படுகிறது’ என்று சொன்னால் அவன் வேறுவிதமாக நினைக்கக்கூடும்.

வியப்பு என்னவெனில், ஆசிரியரே இதனை உணர்ந்திருந்தார். சலுகை என்னும் சொல் வழிதவறச் செய்கிறது என்று கட்டுரையின் பிற்பகுதியில் அவரே எழுதுகிறார். தம் பட்டியலில் உள்ளவற்றை இருவகையாகப் பிரிக்கவேண்டும் என்கிறார். எல்லார்க்கும் கிடைக்க வேண்டிய நன்மைகள் ஒருவகை. பிறரை அறியாமலும் மதியாமலும் வாழ இடங்கொடுக்கும் ஆதிக்கம் மற்றொரு வகை; இஃது எவர்க்கும் இருக்கலாகாது. கட்டுரையின் உயிர்நாடி இப்பகுதியே. ஆனால் நகலெடுத்து வகுப்பறைக்குக் கொண்டுபோனவர்கள் பலர் பட்டியலை எடுத்துக்கொண்டு இப்பகுதியை விட்டுவிட்டனர்.

வகுப்பறையில் நடந்தது

பட்டியல் பிறகு ஒரு பயிற்சியாக மாறியது. மாணவர்களை ஒரே வரிசையில் நிறுத்துவர். ஆசிரியர் ஒவ்வொரு வாசகமாகப் படிப்பார். வீட்டில் ஐம்பது நூல்களுக்கு மேல் இருந்தால் ஓர் அடி முன்னே வா. பெற்றோர் வேலையிழந்ததுண்டானால் ஓர் அடி பின்னே போ என்பது போன்றவை. இறுதியில் சிலர் முன்னே நிற்பர். சிலர் சுவர் ஓரத்தில் நிற்பர். பின்பு அதனைப் பற்றிக் கலந்துரையாடுவர்.

இதில் பாடம் கற்பவர் யார்? முன்னே நிற்பவனுக்கு ஒருவேளை புதிய அறிவு கிடைக்கலாம். சுவர் ஓரத்தில் நிற்கும் பிள்ளைக்குத் தன் வீட்டு நிலை முன்பே தெரியும். அவனுக்குப் புதிதாகக் கிடைப்பது, அது வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிட்டது என்ற செய்தி ஒன்றே. வசதியுள்ளவனின் கண்ணைத் திறப்பதற்கு வசதியற்றவனைக் கருவியாக்குவது எவ்வகையில் நீதி?

இதனோடு மற்றொரு பழைய பயிற்சியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1968 ஏப்ரல் 4-ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள், ஐயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்னும் சிற்றூரில் ஜேன் எலியட் என்னும் ஆசிரியை, தம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தால் இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவை உயர்வாகவும் மற்றதைத் தாழ்வாகவும் நடத்தினார். பின்னர் நிலையை மாற்றினார். குழந்தைகளை முன்னறிவிப்பின்றி அழவைத்தது தகுமா என்ற கண்டனம் அதற்கும் உண்டு, அக்கண்டனம் தள்ளத்தக்கதன்று. ஆயினும் ஒன்று குறிப்பிடத்தக்கது. அங்கே ஒவ்வொரு பிள்ளையும் இரு நிலையையும் அறிந்தான். கண்ணின் நிறம் என்னும் பொய்யான காரணம் ஆதலால் எவன் வீட்டு இரகசியமும் வெளிப்படவில்லை. வரிசைப் பயிற்சியிலோ, பின்னே நின்றவன் பின்னேயே நின்று வீட்டுக்குப் போகிறான்.

சொல்லின் விளைவைப் பற்றிய ஓர் ஆய்வும் கருதத்தக்கது. 2019-இல் அமெரிக்க உளநூல் இதழொன்றில் வெளிவந்த அவ்வாய்வில், சமூகக் கொள்கைகளில் முற்போக்குடையவர்கள் வெள்ளையர் சலுகையைப் பற்றிப் படித்த பின்பு, ஏழை வெள்ளையர் ஒருவரிடம் அவர்கள் காட்டிய இரக்கம் குறைந்தது. அவருடைய வறுமைக்கு அவரையே காரணமாகக் கூறும் போக்கு மிகுந்தது. ஏழைக் கறுப்பினத்தவரிடம் அவர்கள் காட்டிய இரக்கமோ கூடவில்லை. ஆராயப்பட்டோர் வயதுவந்தோர், பள்ளிப் பிள்ளைகள் அல்லர். ஆகையால் இதனை வைத்து எல்லாம் முடிந்துவிட்டது என்று கூறலாகாது. ஆனால் இரக்கத்தை வளர்க்க வந்த பாடம் இரக்கத்தைக் குறைக்கவும் கூடும் என்ற எச்சரிக்கை இதில் இருக்கிறது.

எதிர்ப்பாளர் செய்தது

இக்குறைகளைக் கண்டவர்கள் நல்ல பாடம் எழுத முன்வந்திருக்கலாம். அதற்கு மாறாகச் சட்டம் எழுத முன்வந்தனர். 2021-இல் ஐடஹோ, ஓக்லஹோமா, டென்னசி, டெக்சஸ் முதலிய மாநிலங்களிலும், 2022-இல் புளோரிடாவிலும் இத்தகைய சட்டங்கள் இயற்றப்பட்டன. 2025 சனவரியில் குடியரசுத் தலைவர் டிரம்ப், இத்தகைய போதனை செய்யும் பள்ளிகளுக்குக் கூட்டாட்சி நிதியை நிறுத்தத் திட்டம் வகுக்கும்படி ஆணையிட்டார்.

இச்சட்டங்களை நடுநிலையோடு படித்தால், மறுக்க முடியாத வாசகங்கள் சில உண்டு. ஓர் இனம் மற்றோர் இனத்தைவிட இயல்பாகவே உயர்ந்தது என்று கற்பிக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. இதனை யார் மறுப்பர்? பிறப்பால் ஒருவன் ஒடுக்குபவன் என்று ஒரு சிறுவனிடம் கூறலாகாது என்பதும் ஏற்கத்தக்கதே. பிறப்பால் தாழ்வு கற்பித்தலை எதிர்ப்பவர் பிறப்பால் குற்றம் கற்பித்தலையும் எதிர்க்கத்தான் வேண்டும்.

ஆனால் ஓக்லஹோமா, டெக்சஸ் போன்ற மாநிலங்களின் சட்டங்கள், இனத்தின் காரணமாக ஒருவர் மனவருத்தமோ குற்றவுணர்வோ கொள்ள வேண்டும் என்னும் கருத்தையும் விலக்குகின்றன. வாசகம் நுட்பமானது. ‘கொள்ளவேண்டும்’ என்று கற்பிப்பதே தடை. வருத்தம் உண்டாவது தடையன்று என்று வழக்கறிஞர் வாதிடுவார். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் வழக்கறிஞர் அல்லர். தூக்கிலிடப்பட்ட கறுப்பின மக்களின் வரலாற்றைக் கூறும்போது ஒரு மாணவி கண்கலங்கினால், மறுநாள் அவள் தந்தை முறையீட்டோடு வந்தால், தம் வேலை நிலைக்குமா என்பதே அவருக்குள்ள கேள்வி. ஐயம் வரும் இடத்தில் ஆசிரியர் பாடத்தைச் சுருக்கிவிடுவார்.

இவ்வச்சம் கற்பனை அன்று. டென்னசி மாநிலத்தில் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் ஒருவர், நிகழ்காலச் சிக்கல்கள் பற்றிய வகுப்பில், வெள்ளையர் சலுகைகளைப் பற்றிய கவிதை ஒன்றை அதன் ஆசிரியையே படிக்கும் ஒளிப்படத்தைக் காட்டினார். இனத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றையும் படிக்கச் செய்தார். தகாத சொற்கள் உள்ளன, மறுதரப்பு கூறப்படவில்லை என்ற காரணங்களால் 2021-ஆம் ஆண்டில் அவர் பணியை இழந்தார். மறுதரப்பையும் வைத்திருக்கலாம் என்பது சரியான அறிவுரை. ஆனால் அறிவுரையோடு தீரவேண்டிய குறைக்கு வயிற்றில் அடிப்பது தண்டனையாக முடிந்தது. அதனைக் கண்ட மற்ற ஆசிரியர்கள் பயின்ற பாடம் எதுவென்று சொல்ல வேண்டுவதில்லை.

கடல் கடந்த சொல்

இங்கிலாந்திலும் இவ்வழக்கு எழுந்தது. 2021 சூன் மாதத்தில் பாராளுமன்றக் கல்விக் குழு, ஏழை வெள்ளையினப் பிள்ளைகளின் பின்னடைவைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 2019-இல் இலவச உணவு பெறும் வெள்ளை பிரிட்டிஷ் மாணவரில் ஆங்கிலத்திலும் கணக்கிலும் நல்ல தேர்ச்சி பெற்றோர் நூற்றுக்கு 17.7 பேர். இலவச உணவு பெறும் எல்லா இன மாணவரையும் சேர்த்துப் பார்த்தால் 22.5 பேர். இப்பிள்ளைகளிடம் போய் வெள்ளையர் சலுகை என்று பேசுவது தீங்காகலாம் என்று குழு கூறியது. குழுவின் தொழிற்கட்சி உறுப்பினர் சிலர் இதனை ஏற்கவில்லை.

அச்சொல் அப்பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை என்பதில் நியாயம் உண்டு. ஆனால் அவர்களைப் பின்னுக்குத் தள்ளியது அச்சொல்லா? ஆலைகள் மூடப்பட்ட ஊர்கள், தலைமுறையாகத் தொடரும் வறுமை, நல்லாசிரியர் வந்து தங்காத வட்டாரங்கள் ஆகியவை அச்சொல் வருவதற்குப் பல்லாண்டு முன்பே இருந்தவை. அறிக்கையே அவற்றை விரிவாகப் பேசுகிறது. செய்தித்தாள்கள் மட்டும் சொல்லைப் பிடித்துக்கொண்டு காரணங்களைக் கைவிட்டன.

கற்பிக்கத்தக்கது யாது?

அவ்வாறாயின் பிள்ளைகளுக்கு இதனைக் கற்பிக்கவே வேண்டாவா? வேண்டும். ஆனால் உணர்ச்சியிலிருந்து தொடங்காமல் உண்மையிலிருந்து தொடங்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம்.

டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் இரண்டு பள்ளி வட்டாரங்கள். ஒன்று எட்ஜ்வுட், அங்கே மாணவரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மெக்சிக்க மரபினர். மற்றொன்று ஆலமோ ஹைட்ஸ். அங்கே வெள்ளையரே பெரும்பான்மையோர். பள்ளிச் செலவின் ஒரு பகுதி அந்தந்த வட்டாரத்தின் வீட்டு வரியிலிருந்து வருகிறது. 1967–68-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி விதித்துக்கொண்டனர். ஆலமோ ஹைட்ஸ் மக்கள் விதித்துக்கொண்டது 85 காசுதான். ஆயினும் மாநில, கூட்டாட்சி உதவிகளையும் சேர்த்து எட்ஜ்வுட் பிள்ளை ஒருவனுக்குச் செலவிட முடிந்தது 356 டாலர். ஆலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 594 டாலர். மிகுந்த வரி கொடுத்தவர்க்குக் குறைந்த கல்வி! பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1973-இல் உச்ச நீதிமன்றம், கல்வி கூட்டாட்சி அரசமைப்பு காக்கும் அடிப்படை உரிமையன்று என்று கூறி, ஐவருக்கு நால்வர் என்ற எண்ணிக்கையில் வழக்கைத் தள்ளியது.

ஒரு வட்டாரத்தின் வீடுகள் ஏன் விலை உயர்ந்தன, மற்றதன் வீடுகள் ஏன் உயரவில்லை என்று மாணவன் கேட்பான். அப்போது 1934-இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுக்கடன் காப்புறுதித் திட்டம், நாடெங்கும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்கு உறுதி தர மறுத்த வரலாற்றைச் சொல்லலாம். 1944-இல் போர்வீரர்களுக்காக வந்த சட்டம் எழுத்தளவில் இனம் பாராவிடினும், தென்மாநிலங்களில் கறுப்பின வீரர்க்குப் பெரும்பாலும் எட்டாமற்போன வகையைச் சொல்லலாம். இவை எல்லாம் ஆண்டும் எண்ணும் உடைய செய்திகள். எவனையும் வரிசையில் நிறுத்தவேண்டியதில்லை. எவன் தந்தையின் வேலையையும் கேட்கவேண்டியதில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்த மாணவன் வருந்தினால், அது அவன் அறிவு தந்த வருத்தம். ஆசிரியர் ஊட்டியது அன்று.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. சட்டமும் கணக்கும் கற்பித்தால் போதாது. தன் நிலையைத் தானே காணாதவன் அவற்றையும் பிறர் கதையாகவே படிப்பான் என்பர். இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. அதனால்தான் மெக்கின்டோஷ் அம்மையாரின் கட்டுரையை அடியோடு விலக்க நாம் விரும்பவில்லை. வரலாற்றைக் கற்ற பின்பு, வளர்ந்த மாணவன் தானே தனிமையில் படித்துத் தனக்குத் தானே பட்டியல் எழுதிப் பார்ப்பதற்கு அது ஏற்றது. அவரும் அவ்வாறுதான் எழுதினார். எவரும் அவரை வரிசையில் நிறுத்தி எழுதச் சொல்லவில்லை.

சுருங்கக் கூறின், கட்டுரை காட்டிய உண்மை பெரிது. வைத்த பெயர் பொருந்தவில்லை. வகுப்பறையில் பெற்ற வடிவம் பழுதுடையது. அதற்கு வந்த எதிர்ப்பு பழுதைத் திருத்தாமல் வாயை அடைத்தது. சிலருக்கு மட்டும் கிடைக்கும்வரை உரிமையும் சலுகைபோலவே தோன்றும். அதனை எல்லார்க்கும் ஆக்கும் வழியை இளைஞர் அறியவேண்டுமானால், அது எவ்வாறு சிலருக்கு மட்டும் ஆயிற்று என்பதை ஆசிரியர் அச்சமின்றிக் கூற இடமிருக்க வேண்டும். கேட்கும் பிள்ளைகளுள் முன்வரிசையில் இருப்பவனும் சுவரோரத்தில் இருப்பவனும் தலைகுனியாமல் அதனைக் கேட்கவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே காக்கும் பாடநூலே நமக்கு வேண்டுவது.